உப்புக்காற்றும் ஆர்.சி. புக்கும்

பைக்கின் பின் சக்கரத்தை ஒட்டியிருக்கிற கம்பித் தடுப்பை, சாரி கார்டை, கழற்றிப் போடச் சொன்னது நான்தான். மெக்கானிக் அண்ணன் கொஞ்சம் தயங்கினார். "தம்பி, கீழ்க் கம்பி மட்டுந்தான் அத்துருக்கு. வெல்டு வச்சா இன்னும் ஒரு வருசம் தாங்கும்" என்றார். எனக்கு அன்றைக்குக் கடைக்குப் போகிற அவசரம். துரு தின்ற அந்தக் கம்பி ஓட்டும்போதெல்லாம் கடகடவென்று ஆடியது வேறு எரிச்சல். "கழட்டிருங்கண்ணே, வண்டி பார்க்கவும் எடுப்பா இருக்கும்" என்றேன். இரண்டே போல்ட்டு. ஒன்று துருவில் இறுகிப்போய் உடைந்தேதான் வந்தது. பட்டறை மூலையில் பழைய இரும்புக் குவியலில் அது விழுந்த சத்தம் இன்னும் காதில் கேட்கிறது என்று எழுத ஆசைதான். உண்மையில் நான் போனைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

நாலு மாதம் கழித்து, ஆனியில், கச்சான் காற்று முழு வேகத்தில் அடிக்கிற நாளில், பாம்பனில் சித்தி வீட்டு விசேஷம் முடிந்து அம்மாவைப் பின்னால் உட்கார வைத்து மண்டபம் திரும்பிக்கொண்டிருந்தேன். பாலத்தில் கச்சான் காலத்தில் வண்டி ஓட்டியவர்களுக்குத் தெரியும். தெற்கும் மேற்குமாகச் சேர்ந்து இடப்பக்கத்தில் அறையும் காற்று அது. ஹேண்டில்பாரைக் கொஞ்சம் காற்றுப் பக்கமாகவே சாய்த்துப் பிடித்தால்தான் வண்டி நேராகப் போகும். அதனால் முப்பதுக்கு மேல் நான் போகவில்லை. அம்மா ஒருபக்கமாக, இடப்பக்கம் பார்த்து உட்கார்ந்திருந்தார். முந்தானையை இடுப்பில் செருகியிருந்தார். காற்று அதை எப்போது உருவியது என்று அவருக்கும் தெரியவில்லை. சுற்றுலாக்காரர்கள் வண்டியை நிறுத்தி ரயில் பாலத்தைப் போட்டோ எடுக்கிற இடத்தைத் தாண்டியதும் பின்னால் ஒரு இழுப்பு. பிரேக் பிடிக்காமலே பின் சக்கரம் நின்றது மாதிரி இருந்தது. அம்மா "டேய்" என்றது பாதியில் நின்றுபோனது.

விழுந்ததில் அம்மாவுக்கு இடது மணிக்கட்டு எலும்பு முறிந்தது. அதோடு தப்பித்தோம். பின்னால் வந்த பஸ் டிரைவர் தூரத்திலேயே பார்த்து நிறுத்திவிட்டார்.

சேலையை எடுத்த கதையைச் சொன்னால்தான் அந்தக் கம்பி எதற்கு என்று புரியும். ஏழெட்டு முழத் துணி, செயின் பல்சக்கரத்துக்கும் சக்கரத்துக்கும் இடையில் இருக்கிற இரண்டு விரல் இடைவெளியில் கயிறு மாதிரி முறுக்கிச் சுற்றியிருந்தது. கையால் இழுத்தால் அசையவில்லை. சக்கரத்தைப் பின்னோக்கி உருட்டலாம் என்று பார்த்தால், செயினுக்கு அடியிலும் ஒரு சுற்றுப் போயிருந்தது. அந்த வழியாக வந்த ஒருவர் வலை அறுக்கிற சிறு கத்தி வைத்திருந்தார். அதை வைத்துச் செயின் கிரீஸில் கறுத்துப்போன துணியைத் துண்டு துண்டாக அறுத்து எடுக்கவே இருபது நிமிடம் ஆனது. ஓரமாக உட்கார வைத்திருந்த அம்மா, கையைப் பிடித்துக்கொண்டே கேட்டார்: "இதுக்குக் குறுக்க ஒரு கம்பி இருக்குமேடா, அது எங்க?"

அந்தக் கேள்விக்குப் பிறகுதான் சட்டத்தை எடுத்துப் படித்தேன். அதற்கு முன்னால் எனக்குத் தெரிந்த மோட்டார் சட்டமெல்லாம் எந்த முக்கில் போலீஸ் நிற்கும் என்பது மட்டும்தான்.

மத்திய மோட்டார் வாகன விதிகள், 1989. அதில் 123-வது விதி. இருசக்கர வண்டியில் மூன்று பொருள் கட்டாயம் இருக்க வேண்டும் என்கிறது: பின்னால் உட்காருபவர் பிடித்துக்கொள்ளக் கைப்பிடி, கால் வைக்க ஃபுட்ரெஸ்ட், அவருடைய உடை சிக்காமல் இருக்கப் பின் சக்கரத்தின் பாதிக்குக் குறையாமல் மறைக்கும் தடுப்பு. சாரி கார்டு என்று நாம் சாதாரணமாகச் சொல்வது இதைத்தான். கம்பெனிக்காரன் அழகுக்காகவோ, சும்மா சேர்த்தோ கொடுத்தது என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். எங்கள் தெருவில் பையன்கள் புது வண்டி எடுத்து வந்தால் முதல் வாரத்தில் கழற்றுவது இரண்டு. ஒன்று சாரி கார்டு, இன்னொன்று இடதுபக்கக் கண்ணாடி. கண்ணாடிக்கும் விதி இருக்கிறது, 125. மோட்டார் சைக்கிளுக்கும் பின்னால் வருவதைக் காட்டும் கண்ணாடி வெளியே பொருத்தியிருக்க வேண்டும் என்கிறது.

என் விஷயத்தில் இதில் ஒரு திருப்பம் உண்டு. நான் ஸ்டைலுக்காக மட்டும் கழற்றவில்லை. துரு தின்றதால் கழற்றினேன். எங்கள் கரையில் வண்டி மாற்றங்களில் பாதி இப்படித்தான் தொடங்குகிறது. மதுரைக்காரன் சைலன்சர் மாற்றினால் சத்தத்துக்காக மாற்றுகிறான். மண்டபத்துக்காரனுக்கு அது ஓட்டை விழுந்துதான் மாற்ற வேண்டியிருக்கிறது. ஓட்டை விழுந்த பிறகு, "எப்படியும் செலவு, கொஞ்சம் நல்லதா போடுவோம்" என்று ஒரு சபலம் வருகிறது. பழுது பார்க்கப் போனவன் மாற்றிக்கொண்டு திரும்புகிறான். சட்டம் பார்ப்பது இந்த இரண்டுக்கும் நடுவில் இருக்கிற கோட்டைத்தான். அப்படி ஒரு கோடு இருப்பதே எனக்கு முதலில் உறைத்தது சைலன்சரால். அது அம்மா விழுவதற்கு ஒரு வருடம் முந்தின கதை.

என் வண்டி 150 சிசி, 2016 மாடல். இராமநாதபுரம் அரண்மனைப் பக்கம் ஒரு ஹார்டுவேர் கடையில் கணக்கு எழுதுகிறேன். தினமும் உச்சிப்புளி வழியாகப் போக வர எழுபது கிலோமீட்டருக்கு மேல். நாலாவது வருடம் சைலன்சரின் அடிவயிற்றில் ஐந்து ரூபாய்க் காசு அளவுக்கு ஓட்டை. ஒரிஜினல் சைலன்சர் விலையைக் கேட்டேன். மதுரையில் ஸ்டெயின்லெஸ் பைப் ஒன்று அதில் பாதி விலைக்குக் கிடைத்தது. "துருவே பிடிக்காது" என்றான் கடைக்காரப் பையன். அவன் சொன்னது சரிதான். சத்தத்தைப் பற்றி அவனும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

எங்கள் பகுதியில் ராத்திரிச் சோதனை அதிகம். இலங்கைக்குப் பீடி இலை, கடல் அட்டை, கஞ்சா கடத்துகிறார்கள் என்று வண்டிகளை நிறுத்தி நிறுத்திப் பார்ப்பார்கள். ஊரில் மாட்டாதவன் இங்கே மாட்டுவான். ஒரு நாள் கடை மூடி வரும்போது என்னை நிறுத்தினார்கள். பையைப் பார்த்தார்கள், சோற்றுப் பாத்திரம்தான் இருந்தது. போகலாம் என்று கை காட்டியவர், நான் வண்டியை ஸ்டார்ட் செய்ததும் திரும்ப நிறுத்தினார்.

"ஆர்.சி. காட்டு தம்பி."

வண்டியின் பதிவுச் சான்றுப் புத்தகத்தைக் காட்டினேன். டார்ச்சை வண்டி மேல் அடித்து, புக்கையும் வண்டியையும் மாறி மாறிப் பார்த்தார். பெட்ரோல் டேங்க் நீலமாக இருந்தது. ஆர்.சி.யில் நிறம் கறுப்பு. டேங்கிலும் துருக் கொப்புளம் வந்திருந்ததால், மாமாவின் படகுக்கு அடித்து மிஞ்சிய பெயின்ட்டை நானே அடித்திருந்தேன். நன்றாகத்தான் அடித்திருந்தேன், அதில் எனக்குப் பெருமை வேறு.

"இந்தப் புக்குல இருக்கிற வண்டியா இது?" என்றார்.

மோட்டார் வாகனச் சட்டம் 1988-இன் 52-வது பிரிவு மொத்தமும் அந்த ஒரு கேள்வியில் அடக்கம். ஆர்.சி.யில் உள்ள விவரங்கள், தயாரித்த கம்பெனி முதலில் குறித்த விவரங்களிலிருந்து வேறுபடும்படி வண்டியை மாற்றக் கூடாது. 2019 ஜனவரியில் கேரளத்து வழக்கொன்றில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதி செய்தது. விதிகளுக்குள் இருந்தால் மாற்றிக்கொள்ளலாமே என்ற வாதம் அங்கே எடுபடவில்லை. சட்டப் பிரிவு தடுத்ததை விதியால் அனுமதிக்க முடியாது என்று தீர்ப்பானது. அதே 2019-இல் வந்த திருத்தத்தில் 182ஏ என்று புதிய பிரிவு ஒன்று சேர்ந்தது. அனுமதியில்லாமல் வண்டியை மாற்றினால், வெளிப் பாகம் வாங்கிப் பூட்டுவதும் அதில் சேரும், ஆறு மாதம் வரை சிறை, அல்லது ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய், அல்லது இரண்டுமே. "ஒவ்வொரு மாற்றத்துக்கும்" என்பதைக் கவனியுங்கள். பைப் ஒன்று, லைட் ஒன்று, ஹாரன் ஒன்று என்று எண்ண ஆரம்பித்தால் என் தெருவில் சில வண்டிகளின் விலையை விட அபராதம் கூட வரும்.

சைலன்சருக்கு இது போக இன்னொரு பக்கமும் அடி உண்டு. 120-வது விதி சைலன்சர் கட்டாயம் என்கிறது. சத்தத்துக்கு வண்டியின் அளவைப் பொறுத்து வரம்பு இருக்கிறது. 80 சிசி வரை 75 டெசிபல், அதற்கு மேல் 175 சிசி வரை 77, அதையும் தாண்டினால் 80. என் வண்டிக்கு 77. இது கம்பெனி வண்டியைச் சோதனைக்கு அனுப்பும்போது வைக்கிற அளவு. ரோட்டில் நிற்கிற போலீஸ்காரர் மீட்டர் வைத்து அளந்துதான் பிடிக்க வேண்டும் என்று சிலர் வாதம் செய்வார்கள். நானும் அன்றைக்குச் செய்தேன். அவர் சிரித்துக்கொண்டே, "மீட்டர் எதுக்கு? கம்பெனி போட்ட பைப்பா இது? அத மட்டும் சொல்லு" என்றார். சத்தம், புகை பற்றிய மீறலுக்கு 190(2) பிரிவு. முதல் தடவையே மூன்று மாதம் வரை சிறை அல்லது 10,000 ரூபாய் வரை அபராதம், கூடவே லைசென்ஸை மூன்று மாதம் நிறுத்தி வைக்கவும் இடமுண்டு. என்னிடம் அவ்வளவு வாங்கவில்லை. வாங்கியதே அந்த மாதச் சீட்டுப் பணத்தைத் தின்றுவிட்டது. பைப்பில் மிச்சம் பிடித்ததாக நினைத்த பாதி விலை அங்கேயே போனது.

பி.எஸ். 6, அதாவது புதிய புகைக் கட்டுப்பாட்டு அளவுப்படி செய்த வண்டி வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. 2020 ஏப்ரல் முதல் விற்கிற வண்டிகளில் சைலன்சர் என்பது வெறும் குழாய் இல்லை. புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் உள்ளே இருக்கிறது, பைப்பிலேயே ஆக்சிஜன் சென்சார் உட்கார்ந்திருக்கிறது. அதை எடுத்துவிட்டு வெறும் பைப் போட்டால் மீட்டரில் எஞ்சின் விளக்கு எரிய ஆரம்பிக்கும், பெட்ரோல் கணக்கும் குழம்பும். மெக்கானிக் அந்த விளக்கை அணைத்துத் தருவார். அணைத்தால் சரியாகிவிட்டது என்று அர்த்தமில்லை.

இனி மாமா கதை. என் தாய்மாமா பாம்பனில் ஏலத்தில் மீன் எடுத்து, வண்டியில் வைத்து உச்சிப்புளி, பெருங்குளம் பக்கத்துக் கிராமங்களில் விற்கிறார். சூடை, நெத்தலி, கும்புளா, வாய்த்தால் கொஞ்சம் நண்டு. பின் சீட்டை எடுத்துவிட்டு ஆங்கிள் இரும்பில் ஒரு சட்டகம் வெல்டு வைத்து, அதன் மேல் தெர்மோகோல் ஐஸ் பெட்டி. இரண்டு பக்கமும் தொங்கத் தராசுக்கும் பைகளுக்கும் கொக்கி. பாலத்தில் கச்சான் அடிக்கும்போது அந்தப் பெட்டி பாய் மாதிரி காற்றைப் பிடிக்கும். "கடல்ல பாய் விரிச்சது போதும்னு கரைக்கு வந்தேன், இங்கயும் அதே பொழப்பு" என்பார்.

சைலன்சர் பாடத்துக்குப் பிறகு அவர் வண்டியைப் பார்த்தால் எனக்கே பயம். ஆனால் தேடிப் பார்த்ததில் ஒரு நல்ல சேதி கிடைத்தது. மோட்டார் சைக்கிளில் பெட்டியே வைக்கக் கூடாது என்று சட்டம் சொல்லவில்லை. 2020-இல் விதியைத் திருத்தி லேசான பெட்டி வைக்க இடம் கொடுத்திருக்கிறார்கள். நீளம் 550 மில்லிமீட்டர், அகலம் 510, உயரம் 500, இதற்கு மிஞ்சக் கூடாது. எடை, வண்டி தயாரித்தவர்கள் குறித்த கணக்குக்குள் இருக்க வேண்டும். பின் சீட்டு இடத்தில் பெட்டியை வைத்தால் ஓட்டுகிறவர் மட்டும்தான் போகலாம், இரண்டாவது ஆள் ஏறக் கூடாது. கடையிலிருந்து டேப் கொண்டுபோய் மாமா பெட்டியை அளந்தேன். நீளமும் உயரமும் ஓரளவு சரி. அகலம் இருபத்தாறு அங்குலம். 510 மில்லிமீட்டர் என்றால் இருபது அங்குலம்தான்.

"ஆறு அங்குலத்துல ஆறு கிலோ மீன் போயிருமே மாப்ளே" என்றார்.

மூன்று நாள் யோசித்தார். நாலாம் நாள் பெட்டியைச் சின்னதாக மாற்றினார். சட்டத்துக்குப் பயந்து மாற்றினார் என்று நான் பெருமை அடித்துக்கொள்ள முடியாது. பாலத்தில் எதிரே வந்த பஸ்ஸின் கண்ணாடி பெட்டி முனையை உரசிவிட்டுப் போயிருந்தது. அதற்கும் மேல் நான் பிடிவாதமாகச் சொன்னது ஒன்றுதான். பெட்டிக்கு அடியில் தொங்கவிட்ட சாக்கு, பின்னால் இருக்கிற சிவப்பு விளக்கையும் நம்பர் பிளேட்டையும் முழுசாக மறைத்திருந்தது. விடியக் காலை நாலு மணிக்கு இருட்டில் போகிற வண்டி. பின்னால் வருகிற லாரிக்காரனுக்கு அங்கே ஒரு வண்டி போவதே தெரியாது. இப்போது சாக்கு பெட்டிக்கு மேலே போய்விட்டது. வெல்டு வைத்த சட்டகத்தை மட்டும் அவர் எடுக்கவில்லை. வண்டியின் சேஸிஸோடு சேர்த்து வெல்டு வைத்ததை எந்த ஆர்.டி.ஓ. அதிகாரியும் ஒத்துக்கொள்ள மாட்டார், வெல்டு சூட்டில் சேஸிஸ் இரும்பும் அந்த இடத்தில் பலம் குறையும் என்று சொல்லிக்கொண்டே இருக்கிறேன். போல்ட்டு போட்டு மாட்டுகிற கேரியர் வாங்கித் தருவதாகவும் சொல்லியிருக்கிறேன். தீபாவளி வரை பார்ப்போம்.

விளக்கு விஷயத்தில் என் மச்சானுக்கு நடந்ததைக் கொஞ்சம் விவரமாகவே சொல்ல வேண்டும். அவன் தொண்டிப் பக்கம் வேலை. தேவிபட்டினம் வழியாகக் கிழக்குக் கடற்கரைச் சாலையில் ராத்திரி வருவான். இரண்டு பக்கமும் கருவேலங்காடு, ஆடும் மாடும் எங்கிருந்து ஏறும் என்று தெரியாது. அதனால் கிராஷ் கார்டில் இரண்டு பெரிய எல்.இ.டி. விளக்கு மாட்டினான். தேவை நியாயமானதுதான். ஆனால் எதிரே வருகிறவன் கண் அவிந்துபோகிறது. முன்பக்கம் ஸ்பாட் லைட், சர்ச் லைட் மாட்டக் கூடாது என்று 111-வது விதி இருக்கிறது, விதிவிலக்கு வேண்டுமானால் பதிவு அதிகாரியின் அனுமதி வேண்டும். முன்னால் சிவப்பு விளக்கு காட்டக் கூடாது, பின்னால் காட்டுவது சிவப்பாகத்தான் இருக்க வேண்டும் என்பது இன்னொரு விதி. நீலமும் பச்சையுமாகச் சக்கரத்துக்குள் மினுக்குகிறவர்கள் அதையும் படிக்கலாம்.

அவனுக்கு ஆபத்து வந்தது போலீஸிடமிருந்து இல்லை. விளக்கு மாட்டியவர் பியூஸும் போடவில்லை, ரிலேயும் வைக்கவில்லை. ஹெட்லைட்டுக்குப் போகிற ஒயரைப் பிளேடால் சுரண்டி, அதன் மேலேயே புது ஒயரை முறுக்கி டேப் சுற்றியிருந்தார். இங்கத்துக் காற்றில் அந்த முறுக்கு எவ்வளவு நாள் தாங்கும்? எட்டு மாதத்தில் டேப்புக்குள் ஈரம் இறங்கிச் செம்புக் கம்பி பச்சை பூத்துவிட்டது. பச்சை பூத்த இடத்தில் கரண்ட் போகத் தடை, தடை இருந்தால் சூடு. ஒரு ராத்திரி டேங்குக்கு அடியிலிருந்து புகை. நல்லவேளை, பேட்டரி ஒயரைப் பிடுங்கத் தெரிந்திருந்தது அவனுக்கு. மொத்த ஒயரிங்கும் கருகியது.

இன்சூரன்ஸ் முழுசாக வைத்திருந்தான், சொந்தச் சேதத்துக்கும் சேர்த்து. சர்வேயர் வந்து பார்த்தார். எரிந்த இடத்திலிருந்து ஒயரைத் தொடர்ந்துகொண்டே போய் அந்த விளக்கில் நின்றார். "இது பாலிசியில காட்டிருக்கீங்களா?" என்று மட்டும் கேட்டார். வண்டியோடு வராத மின் பொருள் எதை மாட்டினாலும் அதைப் பாலிசியில் தெரிவித்து, அதற்கும் சேர்த்துப் பிரீமியம் கட்ட வேண்டும். சட்டப்படி மாட்டக் கூடாததை அப்படிக் காட்டவும் முடியாது. ஆறு வாரம் இழுத்து, கோரிக்கை தள்ளுபடி என்று கடிதம் வந்தது. அந்தக் கோபம் இன்னும் அவனுக்கு இருக்கிறது. கோபம் யார் மேல் என்பதுதான் அவ்வப்போது மாறுகிறது.

இருட்டு ரோட்டுக்கு வழி என்ன என்று கேட்பீர்கள். நான் செய்தது, ஹெட்லைட் கண்ணாடியில் படிந்த உப்புப் படலத்தை வாரம் ஒருமுறை துடைத்தேன், உள்ளே மங்கிப்போன பல்பை அதே வாட்ஸில் புதிதாகப் போட்டேன், வெளிச்சம் எங்கே விழுகிறது என்று சுவரில் அடித்துப் பார்த்துத் திருகைச் சரி செய்தேன். மச்சான் சிரித்தான். பிறகு என் வண்டியை ஒரு ராத்திரி ஓட்டிப் பார்த்துவிட்டுச் சிரிப்பை நிறுத்தினான்.

சின்னச் சின்ன விஷயங்கள் சில. ஹாரன்: பல ராகம் பாடுகிற ஹாரனும் காதைக் கிழிக்கிற ஹாரனும் 119-வது விதிப்படி கூடாது. நம்பர் பிளேட்டில் பெயர், படம், வளைத்து எழுதின எண் எதுவும் ஆகாது. 2019 ஏப்ரல் 1 முதல் தயாரித்த வண்டிகளில் கம்பெனியே உயர் பாதுகாப்பு நம்பர் பிளேட் மாட்டித் தருகிறது. அது அலுமினியம், அசோகச் சக்கர ஹாலோகிராம் பதித்தது, ஒருமுறை பூட்டினால் கழற்ற முடியாத பூட்டு. எங்கள் ஊரில் வண்டி முழுக்கத் துரு தின்ற பிறகும் கடைசியில் மிச்சம் நிற்பது அந்தப் பிளேட்டாகத்தான் இருக்கும்.

ஹெல்மெட்டைப் பற்றி எல்லாரும் சொல்லிவிட்டார்கள், நான் பாலத்தை மட்டும் சொல்கிறேன். பாதித் தலையை மூடுகிற சட்டி ஹெல்மெட்டை வாரைப் பூட்டாமல் போட்டுக்கொண்டு பாம்பன் பாலம் ஏறியவன் ஒருவனின் ஹெல்மெட் கடலுக்குள் போனதைக் கண்ணால் பார்த்திருக்கிறேன். சட்டமும் வாரைச் சரியாகப் பூட்டியிருக்க வேண்டும் என்றுதான் சொல்கிறது, பின்னால் உட்காருகிறவருக்கும் சேர்த்து. ஹெல்மெட் இல்லாவிட்டால் 1,000 ரூபாய், மூன்று மாதம் லைசென்ஸ் நிறுத்தம். 2021 ஜூன் முதல் ஐ.எஸ்.ஐ. முத்திரை இல்லாத ஹெல்மெட்டை விற்பதே குற்றம். குழந்தைகளுக்கும் 2023 பிப்ரவரியில் விதி வந்துவிட்டது. நாலு வயதுக்குக் குறைந்த பிள்ளையை ஓட்டுகிறவரோடு சேர்த்துக் கட்டும் பெல்ட், ஒன்பது மாதத்திலிருந்து பிள்ளைக்கு ஹெல்மெட், வேகம் நாற்பதுக்குள். டேங்க் மேல் உட்கார வைத்துக் கூட்டிப்போவதுதான் எங்கள் ஊர் வழக்கம். என் மகளையும் அப்படித்தான் கூட்டிப்போனேன் என்று சொல்ல வெட்கமாக இருக்கிறது.

எல்லா மாற்றமும் தப்பு என்று நினைத்துவிட வேண்டாம். எங்கள் தெருவில் சர்க்கரை வியாதியால் ஒரு காலை எடுத்துவிட்ட பெரியவர் இருக்கிறார். முன்பு விசைப்படகில் டிரைவர். அவருடைய ஸ்கூட்டரில் பின்னால் இரண்டு பக்கமும் துணைச் சக்கரம் மாட்ட வேண்டும். போலீஸ் பிடிக்குமே என்று பயந்து வண்டியை விற்கப் பார்த்தார். 52-வது பிரிவே இதற்கு வழி வைத்திருக்கிறது. மாற்றுத்திறனாளிக்காகத் தகவமைக்கும் வண்டிக்குத் தடை இல்லை, ஆனால் பதிவு அதிகாரியின் அனுமதியோடு செய்து, ஆர்.சி.யிலும் அந்த மாற்றத்தை ஏற்ற வேண்டும். அவர் மருத்துவச் சான்றோடு ஆர்.டி.ஓ. ஆபீசுக்கு இரண்டு நடை நடந்தார், இரண்டாம் நடையில் நானும் கூடப் போனேன். இணைப்புச் சக்கரம் பொருத்திய பெட்ரோல் ஸ்கூட்டரை மாநில அரசே மாற்றுத்திறனாளிகளுக்கு இலவசமாகத் தருகிறது என்பதையும் அங்கேதான் கேட்டுத் தெரிந்துகொண்டோம். மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் விண்ணப்பிக்கலாம். எஞ்சின் மாற்றுகிறவர்களும் 14 நாளுக்குள் பதிவு அதிகாரியிடம் தெரிவித்தாக வேண்டும். எழுதிக் கேட்டால் கிடைக்கிற வழி இவ்வளவு இருக்க, நாம் பட்டறையில் கேட்டுவிட்டு வந்துவிடுகிறோம்.

அம்மாவின் கைக்கட்டு பிரித்த வாரம் என் வண்டியைப் பழையபடி ஆக்கினேன். சாரி கார்டு புதிது வாங்க ஆன செலவைச் சொன்னால் சிரிப்பீர்கள், எக்ஸ்ரேக்குக் கொடுத்ததை விடக் குறைவு. டேங்கைத் திரும்பக் கறுப்பாக்கினேன். நிறம் மாற்றியே தீரவேண்டும் என்றால் ஆர்.சி.யில் ஏற்றிவிட்டு மாற்றலாம், எனக்கு அதற்குப் பொறுமை இல்லை. சைலன்சரும் கம்பெனியுடையதுதான். மாட்டுவதற்கு முன்னால் கடையிலிருந்து சூடு தாங்கும் சில்வர் பெயின்ட் எடுத்து, உள்பக்க வளைவிலும் அடிவயிற்றிலும் இரண்டு கோட் அடித்தேன். அடியில் நீர் வடிய ஒரு சின்னத் துளை இருக்கும், அதைச் சேறு அடைத்தால் உள்ளிருந்தே துருப்பிடிக்கும். மாதம் ஒருமுறை குச்சியால் குத்திவிடுகிறேன். எங்கள் வீட்டுப் போர் தண்ணீரே உப்பு. அதில் வண்டி கழுவினால் துருவை நாமே ஊற்றி வளர்ப்பது போல. குடிக்க வாங்குகிற தண்ணீரில் அரைக் குடம் எடுத்து, துணியை நனைத்துப் பிழிந்து, பாலம் போய் வந்த நாளெல்லாம் அடிப்பக்கம் துடைக்கிறேன். "மனுசனுக்கே தண்ணி இல்ல, வண்டிக்குக் குடிதண்ணியா" என்று வீட்டில் ஏச்சு விழத்தான் செய்கிறது. போல்ட்டுகளுக்குக் கிரீஸ் தடவி மாட்டினேன், அடுத்த முறை உடையாமல் கழலட்டும் என்று.

ஸ்டெயின்லெஸ் பைப்பை வாங்கிக்கொள்ள இரண்டு பேர் வந்தார்கள், ஒருவன் நல்ல விலையே சொன்னான். கொடுக்க மனம் வரவில்லை. இப்போது அது கொல்லையில் கோழிக்கூட்டுக் கதவுக்கு முட்டுக் கொடுத்துக்கொண்டு கிடக்கிறது. மூன்று மழைக்காலம் ஆகிவிட்டது. கடைக்காரப் பையன் பொய் சொல்லவில்லை, ஒரு பொட்டுத் துரு இல்லை.